ஆசிரியர் முழங்கால் சேற்றோடு திரும்பிய விவரம்

திருப்புலிவனம்,
5-10-1961, வியாழக்கிழமை.

அன்பும் ஆயுளும் நிறைந்த என் மைத்துனன் பச்சமுத்துவுக்கு, உன் அக்காள் புருஷன், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஏகாம்பரம், இரண்டு கையையும் உன் தலைமேல் வைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இந்த மழைக்காலத்தில் உன் வீட்டில் யாருக்கும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரே தடவையில் பாஸாக வேண்டும், உன் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாள் வர வேண்டும். இங்கே நான், உன் அக்காள் ஆதிலட்சுமி, பசு, கன்று அனைவரும் சுகம். கன்று மட்டும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தின்றுவிட்டது. அது தனி விஷயம்.

உன் கார்டு நேற்று வந்தது. உங்கள் மாடியில் குடியிருக்கும் ‘மடைவாய்’ பத்திரிகை ஆசிரியர் கிருஷ்ணசாமி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடும் ஒற்றைச் செருப்போடும் வீடு திரும்பினார் என்றும், காரணம் கேட்டால் சிரிக்கிறாரே தவிர பதில் சொல்லவில்லை என்றும், “மாமா, அந்த நல்ல மனுஷனை என்ன செய்து அனுப்பினீர்கள்?” என்றும் கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டியதுதான். ஆனால் இதற்கெல்லாம் ஆரம்பம் நீ என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வழிமறித்து, “எங்க மாமா உத்திரமேரூர் பக்கம் பெரிய கவி” என்று நீதானே சொன்னாய்? அந்த மனிதர் அதை நம்பி எனக்கு ஒரு கார்டு போட்டார். ‘ஞாயிறன்று வருகிறேன். உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் யார் யாரோ எல்லோரும் வந்து வாய்விட்டுப் படிக்கட்டும், நான் கேட்கிறேன், பிறகு பேசுவோம். காதால் கேட்காத கவிதையை நான் அச்சில் போடுவதில்லை’ என்று எழுதியிருந்தார். முப்பது வருஷம் ஊரார் கார்டுகளைப் படிக்காமல் முத்திரை குத்திய எனக்கு, என் பெயருக்கு வந்த இந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்பது கணக்கில்லை. உன் அக்காள் கடைசியில் அதை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள்.

நம் ஊரில் எழுதுகிறவர் என்று எனக்குத் தெரிந்தவர் பஞ்சாட்சரம் ஒருவர்தான். ரைஸ்மில் முதலாளி, நாற்பது ஏக்கர்காரர், உனக்கே தெரியும். தம் மில்லைப் பற்றி ‘நெல்லரவை நூற்றெட்டு’ என்று நூற்றெட்டுப் பாட்டு எழுதி வைத்திருக்கிறார். கார்டைக் காட்டினதும், கூட்டத்தை மில்லிலேயே வைத்துக்கொள்ளலாம், நாற்காலி இருக்கிறது, ஆசிரியரை அழைத்து வர என் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இந்த ஊரில் வேறு யார் எழுதுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றேன். ஜிப்பா, கண்ணாடி, தோளில் தொங்கும் பை, யோசனையான முகம் என்று நீ அடையாளம் எழுதியிருந்தாய். பதினோரு மணி பஸ்ஸில் அச்சாக அப்படியே ஒருவர் இறங்கினார். “வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்” என்றேன். அவர், “பரவாயில்லியே, ஆளு வச்சி அழைக்கறாங்களே” என்று சந்தோஷமாக வண்டியில் ஏறினார். வழியெல்லாம் பயிரைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே வந்தார். கவிஞர் மனசு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் உன் அக்காள் இலை போட்டு வடை பாயசத்தோடு பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும் என் ‘தபால் பெட்டி’ப் பாட்டைப் படித்தேன். மிகவும் கவனமாகக் கேட்டார். இன்னொரு தடவை படிக்கட்டுமா என்றேன், படியுங்கள் என்றார். முடித்ததும், “நல்லா கீதுங்க. அது கெடக்கட்டும், நீங்க ஏக்கருக்கு எத்தினி மூட்ட போடறீங்க?” என்றார். நான் அதற்கும் ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அக்காள் அடுப்பங்கரையிலிருந்து, “ஏங்க, அவரு பைமேல உரம்னு எய்தி கீதே, நீங்க பாக்கலியா?” என்று கேட்டாள். ஏதோ ஒரு உரக் கம்பெனி ஆள். விவசாயிகளைப் பார்க்க வந்தவர். தவறு என்மேல்தான். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, “சாப்பாட்டுக்கு ரொம்ப தாங்ஸ். பாட்டும் ஒண்ணும் மோசமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் நிஜ ஆசிரியர் என்ன ஆனார் என்று கேட்கிறாயா? காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ் திருப்புலிவனம் வழியாகத்தான் உத்திரமேரூர் போகிறது. அவர் விவரமானவர். நம் ஊரிலேயே இறங்கிவிட்டார். அரைக்கைச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, ஜிப்பா கிப்பா ஒன்றுமில்லாமல், ரோட்டோரம் பஞ்சாட்சரத்தின் கழனியில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் போஸ்ட்மாஸ்டர் வீடு எது என்று கேட்டிருக்கிறார். அதில் ஒருத்தி நிமிர்ந்து, “இன்னா விசயமா வந்துகிறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். செங்கேணி என்று பெயர். நம் வயலிலும் நட்டிருக்கிறாள், நீகூடப் பார்த்திருப்பாய். இவர், கவிதை கேட்க வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் சேற்றுக் கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டே, “பாட்டு கேக்கறதுக்கா பஸ்ஸேறி வந்தீங்க?” என்றாளாம். ஆமாம் என்றாராம். “எங்க காலனி பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஞானதாஸு எய்துவாரு. நான்கூட நாலஞ்சி எய்தி வச்சிக்கினு கீறேன்” என்றாளாம். மூன்று மணிக்கு இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு என் வீட்டைத் தேடி வந்தவர், உரக்காரர் எழுந்துபோன இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ரசமும் சோறும் சாப்பிட்டார். பாயசம் தீர்ந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பாட்டை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். எங்கள் சந்தாதாரர்களில்கூட அப்படி ஒருவர் கிடையாது” என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மூன்று மணிக்கு ரைஸ்மில்லுக்குப் போனோம். நாற்காலிகள் போட்டு, மேஜைமேல் துணி விரித்து, எல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. ஒரே குறை, இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாட்சரம் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பத்து வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரல் பழகிவிட்டது. எழுந்து நின்று முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார். இஞ்சின் தக் தக் என்று தாளம் போட, விருத்தம் அதற்குச் சரியாகவே சேர்ந்தது. ஆசிரியர் காதுக்குப் பின்னால் கையை வளைத்து வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் கேட்டார். நாற்பத்தேழாவது பாட்டு முடிகிற நேரம், வாசல் கேட்டருகில் வாத்தியார் ஞானதாஸும் செங்கேணியும் வந்து நின்றார்கள். நடவு முடித்து நேராக வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கையில் நாலாக மடித்த காலண்டர்த் தாள்.

பஞ்சாட்சரம் பாட்டை நிறுத்தாமலே கண்ணால் பார்த்தார். பிறகு, “வாத்தியாரு உள்ள வரட்டும். அந்தப் பொண்ணு ஆங்கியே நின்னுக்கினு கேக்கட்டும், நல்லா காத்து வர்ற எடம்” என்றார். ஞானதாஸ் உள்ளே வரவில்லை. நான் மேஜைத் துணியின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். “அவர் அங்கிருந்து படித்தால் இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காது. நான் அவர் நிற்கிற இடத்துக்குப் போகிறேன்” என்று, ரொம்பச் சாதாரணமாக, பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவர்போலச் சொல்லிவிட்டு எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார். அப்போது பார்த்துத் தூறல் ஆரம்பித்தது. ஞானதாஸ், “சார், பள்ளிக்கூடத்து சாவி எங்கிட்ட கீது. அங்க சத்தமும் இல்ல, நனையவும் வேணாம்” என்றார். மூன்று பேரும் காலனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். உடனே நானும் எழுந்தேன் என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் அவர்கள் புளியமரத்தைத் தாண்டுகிறவரை உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் அந்தக் காலனிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன், பச்சமுத்து. ஒருநாளும் போனதில்லை. பிறகு எழுந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தால், பஞ்சாட்சரம் தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். “இன்னும் அறுவத்தோரு பாட்டு கீதே, ஏகாம்பரம்” என்றார். நாற்பது ஏக்கர்காரர் தலைமேல் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் காலனித் தெருவில் போனதை ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது.

மிஷன் பள்ளிக்கூடம் ஒரே அறை. காலையில் அங்கேதான் ஜெபம் நடந்திருக்கிறது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழியாமல் இருந்தது. பெஞ்சுகள் மிகவும் தாழ்வு. முழங்கால் மோவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தோம். பஞ்சாட்சரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தாம் மட்டும் உயரத்தில் இருந்துகொண்டு எங்கள் உச்சந்தலைகளுக்குப் படிப்பது சரியாக வரவில்லை என்று அவரே கண்டு, இறங்கி பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

இங்கேதான் உன் மாடிவீட்டுக்காரர் யார் என்பது எனக்குப் புரிந்தது. மிச்சம் அறுபத்தொன்றையும் கேட்டார், பச்சமுத்து. தூங்கவில்லை. எழுபத்திரண்டாவது பாட்டில் சட்டென்று கையைத் தூக்கி, “இதை மறுபடியும் படியுங்கள்” என்றார். அது இது:

பெல்ட்டு அறுந்த பகற்பொழு தன்று
பல்லி பேசியது ஊருக்குக் கேட்டது.

“நூற்றெட்டில் இந்த இரண்டு வரி போதும். மில் சத்தத்தை நீங்கள் எழுபது பாட்டில் சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. நின்றுபோன இந்த இடத்தில்தான் கேட்டது” என்றார். பஞ்சாட்சரம் முகம் சிவந்துவிட்டது. மீதி நூற்றேழரைப் பாட்டைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அடுத்தது என் தபால் பெட்டி. பதினாறு வரி. படித்து முடித்ததும் ஆசிரியர் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு, “‘மை காயாத முத்திரை’ என்று ஒரு இடத்தில் வருகிறதே, அது முத்திரை குத்தியவர் எழுதியது. மீதிப் பதினைந்து வரியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பியுங்கள்” என்றார். இப்படி யாரும் என்னைத் திட்டியதில்லை, இப்படி யாரும் என்னைப் பாராட்டியதுமில்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்ததால் எதற்கு முகத்தை மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞானதாஸ் மூன்றே வரி படித்தார்:

நடவு மாதம் முழுக்க
பதிவேட்டில் ‘வரவில்லை’
கழனியில் ‘உள்ளேன் ஐயா.’

ஆசிரியர், “இதில் நான் கைவைக்க ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டார். பஞ்சாட்சரம் மட்டும் மெதுவாக, “பசங்க வரலன்னா நாத்து முத்திப் பூடும் வாத்தியாரே” என்றார். ஞானதாஸ், “ஆமாங்க. அதையும் எய்திப் பாத்தேன், வரல” என்றார்.

பிறகு செங்கேணி எழுந்தாள். ஞானதாஸும் அவளும் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை சேர்ந்து படித்தவர்களாம். காலண்டர்த் தாளைப் பிரித்தாள், ஆனால் அதைப் பார்க்கவில்லை. எங்கள் யாரையும்கூடப் பார்க்கவில்லை. வாசல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

நாத்து முடி அவுக்கறப்போ
வெரலு வழியா தண்ணி போவுது
நட்டுட்டுக் குனிஞ்சி பாத்தா
எம் மொகம் கீது சேத்துல
அதும்மேல ஒரு நாத்து
நான் நட்டதுதான்.

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பெரிய ரசிகன் இல்லை, உனக்குத் தெரியும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றெல்லாம் எழுதமாட்டேன். ஆனால் என் வயலில் எத்தனை நடவு நடந்திருக்கிறது, எத்தனை முகங்களின்மேல் நாற்று நின்று, பால் பிடித்து, நான் அறுத்துச் சாப்பிட்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்து, அப்புறம் போகமாட்டேன் என்கிறது. மேலே எல்லாம் ‘அவள்’ ‘இவள்’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும். நீ ‘அவர்’ என்று மாற்றி வாசித்துக்கொள்.

முதலில் வாயைத் திறந்தவர் பஞ்சாட்சரம். “பாட்டு நல்லா தான் கீது. ஆனா இந்த கீதுன்ற வார்த்த எந்த எலக்கணத்துல கீது?” என்று கேட்டார். ஞானதாஸ் இருமினார். ஆசிரியர் சிரிக்காமல், “உங்கள் வாயிலேயே இரண்டு தடவை இருக்கிறதே ஐயா” என்றார். பஞ்சாட்சரம் தாம் பேசியதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சரி, அது இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

ஆனால் ஆசிரியருக்கே ஒரு சொல்லில் தகராறு இருந்தது. “அம்மா, சேற்றில் முகம் தெரியாதே. தண்ணீரில்தானே தெரியும்? ‘எம் மொகம் கீது தண்ணியில’ என்று இருந்தால் படிக்கிறவன் நம்புவான்” என்றார். செங்கேணி தலையை ஆட்டி, “தண்ணி ஓடிப்பூடும் சார். நாத்து நிக்கறது சேத்துல. எம் மொகம் அதுங்கூட நிக்கணும்னா, அதுவும் சேத்துல தான் நிக்கணும்” என்றார். ஆசிரியர் எழுந்துபோய், வாய்ப்பாட்டை அழித்துவிட்டு, கரும்பலகையில் இரண்டு வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். இதை ஒரு தடவை படித்தார், அதை ஒரு தடவை படித்தார். என்னைப் படிக்கச் சொன்னார். பஞ்சாட்சரத்தைப் படிக்கச் சொன்னார். ஞானதாஸ் ‘தண்ணி’ பக்கம் சாய்ந்தார். நான் ‘சேறு’. பஞ்சாட்சரம், இரண்டையும் போட்டு இரண்டு பாட்டாக்கிவிடலாம் என்றார். “இல்லாததைச் சொன்னால் எப்படியம்மா?” என்று ஆசிரியர். “இல்லன்னு ஒங்களுக்கு யார் சொன்னது? நீங்க எறங்கிப் பாத்தீங்களா?” என்று செங்கேணி. இப்படி ஒரு மணி நேரம். எனக்கு ஒரு விஷயம் அதிசயமாக இருந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர், நடவு நட்டு வந்த ஒரு பெண்மணியோடு ஒற்றைச் சொல்லுக்காகச் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கிறார். போனால் போகிறது, பாவம், எதையோ எழுதியிருக்கிறாள், போட்டுவிடலாம் என்று அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த அம்மாளும், பெரியவர் சொல்கிறார், தலையாட்டிவிடலாம் என்று விடவில்லை. இதைவிடப் பெரிய மரியாதை எதையும் யாரும் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஆசிரியர், “வாருங்கள், பார்த்துவிடலாம்” என்று சுண்ணாம்புத் தூள் படிந்த கையோடு கிளம்பிவிட்டார். தூறல் விட்டிருந்தது. ஐந்தரை மணி இருக்கும். எல்லோரும் மேட்டுக் கழனிக்குப் போனோம். அது பஞ்சாட்சரத்தினுடையது, அன்று காலை நட்ட வயல். ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கழற்றுவதற்குள் வரப்பு வழுக்கிவிட்டது. அப்படியே நின்ற நிலையில் முழங்கால் வரை உள்ளே போனார். அந்த இன்னொரு செருப்பு இன்றுவரை மேலே வரவில்லை. நாங்கள் பதறினோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அங்கேயே நாற்றுக்கு நடுவில் குனிந்து பார்த்தார். காலை மாற்றி வைத்துப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பத் திரும்பத் தண்ணீர் கலங்கிக் குழம்பாகிவிட்டது. நிமிர்ந்து, “தண்ணீர் எங்கே? எனக்குச் சேறு மட்டும்தான் தெரிகிறது. அம்மா சொன்னதுதான் சரி, நான் தோற்றுவிட்டேன்” என்றார். தோற்றவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

வரப்பின்மேல் குடையோடு நின்ற பஞ்சாட்சரம் குனிந்து வயலைப் பார்த்தார். பிறகு, “இந்தக் கயனிய நான் முப்பது வருசமா பாத்துக்கினு வரேன். ஒருநாளும் எம் மொகம் தெரிலியே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே கேட்டார். செங்கேணி, “நீங்க வரப்புமேல நிக்கறீங்க மொதலாளி” என்றார். அவ்வளவுதான். குரலில் சூடு இல்லை, குத்தல் இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். பஞ்சாட்சரம் குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் சேற்றில் இறக்கினார். அடுத்த காலை இறக்கவில்லை. நான் ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் இவற்றோடு வரப்பிலேயே நின்றேன். பிறர் பொருளைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம் என்று சொல்லலாம். இறங்கவில்லை என்பதுதான் நிஜம்.

ஆறு மணி பஸ் வந்துவிட்டது. கால் கழுவக்கூட நேரமில்லாமல் ஆசிரியர் ஏறிவிட்டார். சேற்றின் விவரம் இதுதான். உன் மாமா அவரை ஒன்றும் செய்யவில்லை.

இன்று காலைத் தபாலில் அவருடைய கார்டு வந்தது. செங்கேணியின் பாட்டை இந்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறாராம். அதோடு, ‘பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன், அந்த ஒரு சொல்லில்தான் பாட்டே நிற்கிறது, “சேற்றில் தெரிந்த முகம்” என்று இரண்டு பக்கத் தலையங்கம் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், தண்ணீர் என்று திருத்தப் பார்த்த என் அறியாமையையும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை மிஷினில் ஏறுகிறது’ என்று எழுதியிருக்கிறார். கார்டை எடுத்துக்கொண்டு மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனேன். ஆமாம், நானே போனேன், இந்தத் தடவை புளியமரத்தடியில் நிற்கவில்லை. ஞானதாஸ் தாமும் சேறு கட்சிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். கரும்பலகையில் அந்த வரியை அழிக்காமல் வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். பஞ்சாட்சரம் சேற்றின் பெருமையைப் பற்றி நூற்றொன்பதாவது பாட்டு எழுதிவிட்டார். நான் செய்யாறிலும் வந்தவாசியிலும் இருக்கும் என் பழைய போஸ்ட்மாஸ்டர் சிநேகிதர்கள் மூன்று பேருக்குக் கடிதம் எழுதி, ஒரு சொல் எப்படி ஒரு கவிதையைத் தாங்குகிறது என்பதை விளக்கியிருக்கிறேன். பச்சமுத்து, இந்த அறுபது வயசுக்குள் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று. அந்த இடத்தில் ‘சேத்துல’ என்பதைத் தவிர வேறு சொல் வரவே முடியாது. யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்.

உன் குடும்பம் தழைக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட நல்ல கையெழுத்தில் கடிதம் எழுதட்டும், மாடிக்காரரும் நீயும் ஒரே படிக்கட்டில் நீண்டகாலம் ஏறி இறங்குங்கள். உன் அக்காள் தன் ஆசீர்வாதத்தைத் தனியாக அனுப்பச் சொன்னாள். ஆசிரியருக்குப் பாயசம் பாக்கி இருக்கிறது, மறுபடி அனுப்பி வை என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும் மாமா,
கோ. ஏகாம்பரம்.

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகும்போது செங்கேணி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். உன் அக்காள் பாய் போட்டாள். ஆசிரியர் கார்டைப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் மாறிவிட்டது. “ஐயா, அத்த மாத்தச் சொல்லி எய்தணும். தண்ணியிலன்னு போடச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்” என்றார். “நேத்து நடவுல ஆடாம அசையாம நின்னுக்கினு பாத்தேன். மொகம் தண்ணியில தான் கீது. அவரு காலப் போட்டுக் கலக்கிட்டாரு, அதான் சேறா தெரிஞ்சிது. அன்னிக்கி நான் பேச்சுல ஜெயிச்சிட்டேன். அதுக்கோசரம் பாட்டு ஜெயிச்சிடுமா?” என்றார். ஆகவே பச்சமுத்து, இதை எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்புகிறேன். கைக்குக் கிடைத்ததும் சாப்பிடாமல்கூட மாடி ஏறிப் போ. அவர் இல்லாவிட்டால் நேராக அச்சகத்துக்கு ஓடி, அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘தண்ணியில’ என்று அச்சுக் கோக்கச் சொல். நான் மேலே எழுதியிருப்பதை யாருக்கும் காட்டாதே. இரண்டு பக்கத் தலையங்கத்தை அந்த மனுஷர் இப்போது என்ன செய்வார் என்று செங்கேணியைக் கேட்டேன். “அதையும் நல்லாத்தான் எய்திருப்பாரு. வேற யாருனா பாட்டுக்கு வச்சிக்கச் சொல்லுங்க” என்றார்.